மஞ்சள் விசிறித் தொப்பி

"ஹலோ... அக்கா, கட் பண்ணிடாதீங்க. ஆமா, ஆமா, அதே ஆள்தான்... ஃபிராடு இல்லக்கா. ஒரு நிமிஷம் கேளுங்க."

செம்பியன் அந்த எண்ணை அழைப்பது இன்று இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் ஓ.டி.பி. என்ற சொல்லைக் கேட்டதுமே அந்தப் பெண் வைத்துவிட்டார். அபிராமபுரத்து வீட்டில், சாப்பாட்டு மேசைமேல் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் ஆறு காலிக் கட்டங்கள். கீழே, இதுதான் கடைசி வாய்ப்பு என்ற குறிப்பு. பக்கத்தில் ஐந்து நிமிடம் நொடிநொடியாகக் குறைந்துகொண்டிருந்தது.

"பேங்க் சமாச்சாரமே இல்லக்கா... ஆதாரும் இல்ல. ஒரு கேம். துப்பாக்கியால சுடுறது... ஆமா, பசங்க ஆடுறதுதான்... எனக்கு முப்பத்தொண்ணு."

எண் மேகலாவுடையது. அவளுடைய போனை ஒன்பது மாதமாக அவன் தினமும் சார்ஜில் போட்டுவந்தான். துடைத்தும் வைத்தான். உள்ளே இருக்கும் சிம்முக்கும் ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை. எண் செத்து, வேறொருவர் கைக்குப் போய்விட்டது. விளையாட்டை நடத்துபவர்கள் இப்போது எல்லாக் கணக்குகளையும் புது இடத்துக்கு மாற்றுகிறார்கள். இன்று மாலை ஆறு மணிக்குள் பழைய எண்ணுக்கு வரும் குறியீட்டைப் போடாவிட்டால் அவள் கணக்கும் அதிலுள்ளதெல்லாமும் அழிந்துவிடும். மணி ஐந்து நாற்பத்தெட்டு.

"இந்த நம்பர் முன்ன என் ஒய்ஃபோடது. மேகலா... ஓ. உங்களுக்கும் போன் வருதா, அவளக் கேட்டு?... யாரு, டெய்லரா?... ஜாக்கெட் ரெடியா இருக்குன்னா?"

மேகலா துணி தைக்கக் கொடுத்தது அவனுக்குத் தெரியாது.

"தெரியாதுக்கா... அவளையே பேசச் சொல்லணுமா? இல்ல... அவ இப்ப ஊர்ல இல்ல."

சொன்னதும், அந்தப் பக்கம் சந்தேகம் திரும்பி வந்துவிட்டது அவனுக்குப் புரிந்தது.

"சர்ச்சுல ஃபாதர் சொன்னாரா? யார் கேட்டாலும் நம்பர் சொல்லாதீங்கன்னு... சரியாத்தான் சொல்லியிருக்காரு. வேற யாருக்கும் சொல்லாதீங்க. இது ஒண்ணு மட்டும்... என்னது, கஸ்டமரா? சரி, குடுத்துட்டு வாங்க. நான் லைன்ல இருக்கேன்."

போனைப் பலகைமேல் வைத்த சத்தம். கத்தி இறங்கும் சத்தம். நொச்சிக்குப்பம் ரோட்டோரத்தில் மீன் விற்கிறவர் என்பது முதல் அழைப்பிலேயே தெரிந்துவிட்டது. பைக்கில் போனால் கால் மணி நேரம். அவனிடம் இருந்தது இரண்டரை நிமிடம். யாரோ சங்கரா மீனுக்கு நிதானமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் இரண்டு முறை "அக்கா" என்றான். பலகைக்குக் கேட்டிருக்கும்.

"ஹலோ... இருக்கேன், இருக்கேன். எதுக்கா? ஒரு தொப்பிக்கு... தலையில மாட்டுற தொப்பிதான். ஆனா கையில புடிக்க முடியாது, ஸ்கிரீன்லதான் இருக்கும். மஞ்ச கலரு. மேல சின்ன ஃபேன் ஒண்ணு, ஓடினா சுத்தும்... இல்லக்கா, குண்டு பட்டா காப்பாத்தாது. சும்மா அழகுக்கு. அந்த மஞ்சளப் பாத்துதான் எல்லாரும் மொதல்ல அவளச் சுடுவாங்க. கழட்டுடின்னு எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன்... ஆமா. கேக்கவே மாட்டா... சிரிங்க, பரவால்ல."

அந்தத் தொப்பியை ஒரே ஒரு வாரம்தான் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் கிடைக்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் இருவரும் ஆடுவார்கள். அவள் முன்னால் ஓடுவாள், அவன் மஞ்சளைப் பார்த்துப் பின்னால் போவான். அவள் சுடப்பட்டு விழுந்த பிறகும் விசிறி இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் நிற்கும். அதைப் பார்க்கவே அவள் வேண்டுமென்று போய்ச் சாவாள்.

ஒரு நிமிடம் பத்து நொடி.

"வேற வாங்கிக்க முடியாதுக்கா... அவளே வந்து கேக்க மாட்டா. அவ எறந்துட்டா. பிப்ரவரியில."

ஒன்பது மாதத்தில் இதை அவன் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் மச்சினன் சொல்லிவிட்டான்.

"...ம். ஆமா. இருபத்தெட்டு... கொழந்த இல்ல... அக்கா, அழாதீங்க. அந்த மெசேஜ மட்டும் பாருங்க. கட் பண்ணாம பாருங்க... இங்கிலீஷ் விடுங்க, ஆறு நம்பர் இருக்கும்... சொல்லுங்க. நாலு. பூஜ்யம்... அடுத்தது ஒண்ணா, ஏழா?... செதில் ஒட்டியிருக்கா? தொடச்சிட்டுப் பாருங்க, பரவால்ல... ஏழு. ரெண்டு. ரெண்டு..."

பதினொரு நொடி. ஒன்பது.

"கடைசி நம்பர்க்கா... அதுக்கு அடுத்தது... எட்டு."

எட்டை அடித்து அழுத்தினான். திரை சற்று யோசித்தது. கட்டங்கள் காலியாகிச் சிவந்தன. நேரம் கடந்துவிட்டது; மீண்டும் நாளைதான் முயலலாம் என்று எழுதி வந்தது. மணி ஐந்து ஐம்பத்து மூன்று.

"...ஹலோ. இருக்கேன்... வந்துடுச்சுக்கா. கெடச்சிடுச்சு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா... உங்க பேரு? ஆரோக்கியமேரி. சரிக்கா... டெய்லர் மறுபடி கூப்பிட்டா, நான் வந்து வாங்கிக்கறேன்னு சொல்லுங்க. என் நம்பரக் குடுத்துடுங்க... சாப்புடுறேன், ஆமா... என்னக்கா?"

அவன் சிவந்த கட்டங்களைப் பார்த்தான்.

"ம். மஞ்சதான்... ஆமாக்கா, சுத்துது."

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். அவனுடைய போனில் 'மேகலா' என்ற பெயர் ஒரு கணம் நின்று, அணைந்தது.