முப்பத்தேழு வெளிநாட்டு விரிவுரையாளர்கள்

பெயர்: தனலெட்சுமி த/பெ பழனியப்பன். வயது: 44. தொழில்: தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் தரவரிசைப் பிரிவில் தரவு அதிகாரி, தற்போது பணி இடைநீக்கத்தில். முகவரி: பிரிக்பீல்ட்ஸ், அடுக்குமாடி வீடு, ஆறாவது மாடி.

2025 ஜூலை 3ஆம் தேதி காலை 10.20க்கு, போலீஸ் அதிகாரி முன்னிலையில், மொழிபெயர்ப்பாளர் திரு. வேலாயுதம் உடனிருக்க, நான் தமிழில் சொன்னது:

சுபாங் ஜெயா பக்கம் உள்ள அந்தப் பல்கலைக்கழகத்தில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். முதல் ஏழு ஆண்டுகள் தேர்வுப் பிரிவில் இருந்தேன், அதன் பின்னர் தரவரிசைப் பிரிவுக்கு மாற்றப்பட்டேன். பிரிவுத் தலைவர் திரு. கிரிகரி. பல்கலைக்கழகம் என் மேல் கொடுத்த புகாரில், எண்களை நான் என் விருப்பத்துக்கு மாற்றினேன் என்று உள்ளது. மாற்றியது என் கை என்பதை ஒப்புக்கொள்கிறேன். விருப்பம் யாருடையது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தரவரிசை என்றால் என்ன என்று அதிகாரி கேட்டதற்கு நான் சொன்னது: வெளிநாட்டு நிறுவனம் ஒன்று உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்துகிறது. அதற்கு ஆண்டுதோறும் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். எத்தனை மாணவருக்கு ஒரு விரிவுரையாளர், விரிவுரையாளர்களில் எத்தனை பேர் வெளிநாட்டவர், அவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள், இவற்றை எல்லாம் மதிப்பெண் ஆக்குவார்கள். இவை போக, உலகெங்கும் உள்ள பேராசிரியர்களிடம் நல்ல பல்கலைக்கழகம் எது என்று கேட்பார்கள். ஏற்கெனவே பெயர் பெற்றவனுக்கே அதில் மேலும் பெயர். ஒன்பது ஆண்டுகளில் அந்த நிறுவனத்திலிருந்து ஒருவர்கூட வந்து ஒரு வகுப்பில் உட்கார்ந்தது கிடையாது. பாடம் நன்றாக நடக்கிறதா என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

2022ஆம் ஆண்டு படிவம் புதிய கணினி முறைக்கு மாறியது. அது பெயர்களில் சாய்கோட்டை ஏற்கவில்லை. நம் மலேசிய அடையாளக் கார்டில் தமிழ் ஆண்களின் பெயரில் ஏ/எல் என்று இருக்கும். மலாயில் அனாக் லெலாக்கி, இன்னாரின் மகன் என்று பொருள். நான் எல்லாச் சாய்கோடுகளையும் ஒரே அழுத்தில் நீக்கினேன். நீக்கினால் அந்த இரண்டு ஆங்கில எழுத்துகளும் ஒட்டிக்கொண்டு 'அல்' என்று படிக்க வரும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பட்டியலில் பலருக்கு நாடு என்ற கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்ப வெளிநாட்டு ஆலோசகர் ஒருவரிடம் கொடுத்தார்கள். அவர் பெயரைப் பார்த்து நாட்டை ஊகிக்கிறவர். 'அல்' என்று கண்ட இடமெல்லாம் அரபு நாட்டவர் என்று போட்டுவிட்டார். இப்படி முப்பத்தேழு தமிழர்கள் வெளிநாட்டு விரிவுரையாளர்கள் ஆனார்கள். பெண்களின் பெயரில் மகள் என்பதற்கு வரும் ஏ/பி எந்த நாட்டோடும் ஒட்டாததால் பெண்கள் தப்பித்தார்கள்.

அந்த ஆண்டு நாங்கள் அறுபது இடங்களுக்கு மேல் ஏறினோம். வாசலில் பதாகை கட்டி, எல்லோருக்கும் வாழை இலைச் சாப்பாடு போட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், எங்கள் அலுவலகத்தில் நன்றாகவே உதவியது. அடுத்த வாரம்தான் நான் பட்டியலைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடித்தேன். உடனே திரு. கிரிகரியிடம் காட்டினேன். அவர் முதலில் சிரித்தார், அதன் பின்னர் கதவைச் சாத்தச் சொன்னார். அடுத்த ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த ஆண்டு குறைக்கவில்லை, குறைத்தால் இறங்கிவிடுவோம். அதற்கடுத்த ஆண்டும் அதேதான். தலைக்கு மேல் வெள்ளம் போன பின் சாண் என்ன முழம் என்ன என்று நானும் இருந்துவிட்டேன்.

2024இல் மேற்கோள் மதிப்பெண்ணைக் கூட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மொத்த மேற்கோளை விரிவுரையாளர் எண்ணிக்கையால் வகுப்பார்கள். மேற்கோளைக் கூட்டப் பல ஆண்டுகள் ஆகும், ஆளைக் குறைக்க ஒரு கடிதம் போதும். ஆகவே கட்டுரை எழுதாதவர்களை நிரந்தர வேலையிலிருந்து ஓராண்டு ஒப்பந்தத்துக்கு மாற்றினார்கள், புதுப்பிக்காமல் விட்டாலே ஆள் குறையும். அவர்களில் ஒருவர் திரு. குரு த/பெ பரமேஸ்வரன், வயது 57, கிள்ளானில் பிறந்து கிள்ளானிலேயே இருப்பவர். புள்ளியியல் விரிவுரையாளர். கணக்கு வராத முதலாண்டுப் பிள்ளைகளின் வகுப்பை யாரும் எடுக்க மாட்டார்கள், அவர் கேட்டு வாங்குவார். முப்பத்தேழு பேரில் அவரும் ஒருவர்.

அதே ஆண்டு டிசம்பரில், தரவரிசை நிறுவனம் சரிபார்க்க வரலாம் என்று தகவல் வந்தது. மனிதவளப் பிரிவின் பதிவும் எங்கள் படிவமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று திரு. கிரிகரி சொன்னார். படிவத்தைத் திருத்துவதுதான் ஒழுங்கு. நாங்கள் பதிவைத் திருத்தினோம். டிசம்பர் 18ஆம் தேதி பிற்பகல், அதற்கென எனக்குக் கொடுத்த கடவுச்சொல்லில், முப்பத்தேழு பேரையும் மனிதவளப் பதிவில் வெளிநாட்டவர் என்று நான் மாற்றினேன். அதற்கு நான்கு நிமிடம் ஆனது.

அந்தப் பதிவில் ஒரு ஏற்பாடு உண்டு. வெளிநாட்டவரின் ஒப்பந்தம் முடியும்போது, வேலை அனுமதி கேட்டு அதுவே கடிதம் அனுப்பும். மற்றவர்களில் சிலர் நிரந்தர ஊழியர்கள், சிலரின் ஒப்பந்தம் பிறகுதான் முடியும். ஜனவரியில் முடிந்தது குரு சாருக்கு மட்டும். 28ஆம் தேதி அவருக்குக் கடிதம் போனது: பதினான்கு நாளுக்குள் கடப்பிதழையும் வேலை அனுமதியையும் ஒப்படைக்க வேண்டும், தவறினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

சீனப் பெருநாள் விடுமுறை முடிந்ததும் அவர் மனிதவளப் பிரிவுக்குப் போயிருக்கிறார். அந்தக் கட்டத்தைத் தொட எங்களுக்கு அதிகாரம் இல்லை, தரவரிசைப் பிரிவுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பிப்ரவரி 4ஆம் தேதி காலை என் மேசைக்கு வந்தார். குடிமக்களுக்குத் தரும் நீல அடையாளக் கார்டை எடுத்து விசைப்பலகை மேல் வைத்தார். கோபப்படவில்லை. "ஏதோ டைப்பிங் மிஸ்டேக் போல, தனம். ஒரே ஒரு கட்டம்தானே, மாத்தி விட்ருங்க" என்றார்.

நான் திரு. கிரிகரியிடம் போனேன். ஒன்றை மாற்றினால் தேதி பதிவாகிவிடும், மீதி முப்பத்தாறையும் கேட்பார்கள் என்றார். அதன் பின்னர், "ஜூன்ல லிஸ்ட் வரட்டும் லா. அப்புறம் அவர திரும்ப எடுத்துக்கலாம். நாலு மாசம்தானே" என்றார். குரு சாரிடம் நான் வந்து, பேசிக்கொண்டிருக்கிறோம், கவலைப்படாதீர்கள் என்று சொன்னேன். அவர் நம்பினார். மூன்று முறை வந்து கேட்டார், மூன்று முறையும் அதையே சொன்னேன்.

மாற்றும் கடவுச்சொல் உன்னிடம் இருந்ததா என்று அதிகாரி கேட்டதற்கு, இருந்தது என்றேன். ஏன் மாற்றவில்லை என்று கேட்டதற்கு நான் சொன்னது: என் மகள் விஷ்ணுப்ரியா அங்கே மருந்தியல் கடைசி ஆண்டு படிக்கிறாள். ஊழியர் பிள்ளை என்பதால் கட்டணம் இல்லை. என் வேலை போனால் அவள் படிப்பும் போகும். என் மகள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், குரு சார் கெட்டுப்போக வேண்டும் என்று நினைக்கவில்லை. இரண்டும் ஒரே காரியம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே இருந்தேன்.

பதினான்காம் நாள் தைப்பூசம், பொது விடுமுறை. மறுநாள் காலை அவருடைய அட்டைக்கு வாசல் கதவு திறக்கவில்லை. பாதுகாவலர் ஓர் அட்டைப்பெட்டியில் அவருடைய பொருட்களைக் கொடுத்தார். நான் மேல்மாடி சன்னலிலிருந்து பார்த்தேன், இறங்கிப் போகவில்லை. அவர் வகுப்பில் அறுபத்தொரு பிள்ளைகள். ஐந்து வாரம் அவர்களுக்கு ஆசிரியர் இல்லை. ஜூன் மாதம் பட்டியல் வந்தது, இன்னும் இருபத்திரண்டு இடம் ஏறியிருந்தோம். மறுபடியும் பதாகை. அவரைத் திரும்ப எடுப்பதைப் பற்றி திரு. கிரிகரியிடம் கேட்டேன். வயதாகிவிட்டது, அவர் இடத்தை நிரப்பியாயிற்று என்றார்.

ஜூன் 19ஆம் தேதி குரு சார் கிள்ளானில் போலீஸ் புகார் கொடுத்தார். 24ஆம் தேதி பல்கலைக்கழகம் என் மேல் புகார் கொடுத்து, என்னை இடைநீக்கம் செய்தது. அதே வாரம் முப்பத்தாறு பேருக்கும் மலேசியர் என்று பதிவைத் திருத்திவிட்டார்கள். குரு சாருக்குத் திருத்தவில்லை. அவர் இப்போது ஊழியர் இல்லை, முடிந்த கோப்பைத் திறக்க மாட்டார்களாம். அவருடைய விடுவிப்புக் கடிதத்தில், வெளிநாட்டு விரிவுரையாளர், ஆவணம் ஒப்படைக்கத் தவறியவர் என்றே இருக்கிறது. அந்தக் கடிதத்தைப் பார்த்து இரண்டு கல்லூரிகள் அவரை வேண்டாம் என்றுவிட்டன.

அதன் பின்னர் நானே தரவரிசை நிறுவனத்துக்கு என் சொந்த மின்னஞ்சலில் முழு விவரமும் எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. திருத்தம் வேண்டுமானால் பல்கலைக்கழகத்தின் பதிவுபெற்ற தொடர்பாளர், பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து கேட்க வேண்டும் என்றிருந்தது. பதிவுபெற்ற தொடர்பாளர் நான்தான். அந்த மின்னஞ்சலை இடைநீக்கம் செய்த அன்றே மூடிவிட்டார்கள்.

ஜூன் 29ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் அவர் வீட்டுக்குப் போனேன். என்னைப் பற்றி நல்லபடியாக இரண்டு வரி எழுதித் தரும்படி கேட்கத்தான் போனேன், அதை மறைக்க விரும்பவில்லை. அவர் மனைவி சீதாலெட்சுமி அக்கா கதவைத் திறந்து, யார் என்று தெரிந்தும் உட்காரச் சொல்லி மைலோ கலக்கிக் கொடுத்தார். நான் மின்னஞ்சல் விவரத்தைச் சொன்னேன். குரு சார் கேட்டுக்கொண்டே இருந்தார். அதன் பின்னர் சொன்னது:

"எங்கம்மா மாரியாயி இங்கதான் தோட்டத்துல பொறந்தாங்க. பொறப்புப் பத்திரம் இல்ல. சாகுற வரைக்கும் செவப்பு ஐசிதான். பத்தொம்பது வருசம் குடியுரிமை கேட்டு நாந்தான் ஃபார்ம் எழுதிக் குடுத்தேன். நமக்குத்தான் நீலம் இருக்கே, நம்மள யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சிட்டேன், தனம்."

நான் கேட்க வந்ததைக் கேட்காமல் எழுந்துவிட்டேன். இனிமேல் வர வேண்டாம் என்று வாசலில் மெதுவாகச் சொன்னார்.

மேலே உள்ளதைத் திரு. வேலாயுதம் எனக்குப் படித்துக் காட்டினார். யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. பல்கலைக்கழகப் படிவத்தின் அடியிலும் 'இதில் உள்ளவை அனைத்தும் உண்மை' என்று ஒரு வரி உண்டு. 2022 முதல் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு வந்தவள் நான்தான், எனவே என் கையெழுத்துக்கு இனி என்ன மதிப்பு என்று தெரியவில்லை. ஆயினும் இதில் உள்ளவை அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
தனலெட்சுமி த/பெ பழனியப்பன்