புளுகுப் பந்தயத்து மாப்பிள்ளை

அவையை அடக்கி ஆளும், ஆனால் ஆட்டுக்கறி வறுவலைக் கண்டால் தானே அடங்கிவிடும் தலைவர், பாதிரியார் ஆல்டஸ் பிம் அவர்களே! முன்வரிசையில் மூடிய குடையோடு முறைத்துக்கொண்டிருக்கும் மூத்தோர்களே! காலையிலிருந்து கைநோக ரொட்டிக்கு வெண்ணெய் தடவிய தாய்மார்களே! இன்று முதல் என் மச்சானாகிவிட்ட மாட்டு வைத்தியர் டெரிக் அவர்களே! மணப்பெண்ணாக மலர்ந்திருக்கும் என் தங்கை மார்ஜரியே! உங்கள் அனைவருக்கும் கசாப்புக்கடை ஹியூபர்ட்டின் கனிவான வணக்கம்!

என்ன அங்கே? "சீக்கிரம் முடி, பியர் ஆறுது" என்றா? யார்க்ஷயரில் பியர் என்றைக்கு ஐயா சூடாக இருந்தது? உட்காருங்கள்.

நம் ஹார்த்வெயிட் ஊரில் குளிர்காலம் வந்தால் என்ன செய்வோம்? கோல்ஃப் ஆடுவோமா? குதிரை ஏறுவோமா? இல்லை! இதே கூடத்தில், இதே மேசையில், புளுகுப் பந்தயம் போடுவோம். அகராதியின் அடியாழத்தில் அநாதையாய்க் கிடக்கும் ஒரு சொல்லை எடுப்போம். மூன்று பேர் மூன்று பொருள் சொல்வார்கள். ஒன்று உண்மை, இரண்டு புளுகு. எது உண்மை என்று எதிரணி கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பக்கம் தேவாலய அணி, மறுபக்கம் சத்திரத்து அணி. புளுகுவதில் எந்த அணி கெட்டி என்று நான் சொல்லமாட்டேன், தலைவர் என் பக்கத்தில் இருக்கிறார்.

சத்திரத்து அணியின் சிங்கம் நம் டெரிக். "கான்கூஸ்லர்" என்ற சொல் வந்த நாள் நினைவிருக்கிறதா? எழுந்தார், தொண்டையைச் செருமினார். "வெள்ளியில செஞ்ச சின்னச் சுத்தியல். அந்தக் காலத்துப் பேராயர்கள் வாத்து முட்டை ஓட்டை உடைக்க வெச்சிருந்தாங்க. பிடியில முத்து பதிச்சிருக்கும். என் பாட்டனார் ஒண்ணைத் தொட்டே பார்த்திருக்கார்" என்றார். நம் பாதிரியாரே பரவசப்பட்டுத் தலையாட்டினார்! ஊரே நம்பியது. ஒரே ஒருத்தி மட்டும் மேசை மணியைத் தட்டி, "புளுகு" என்றாள். என் தங்கை மார்ஜரி.

உண்மையில், கால்வாயில் படகு போவதை வேலைவெட்டி இல்லாமல் வேடிக்கை பார்க்கிறவனுக்குத்தான் அந்தப் பெயராம். நம் ஊரில் பாதிப் பேருக்கு அது பட்டப்பெயராகவே இருக்கலாம்.

டெரிக் உண்மை சொன்னாலும் அவளுக்குத் தெரிந்துவிடும், பொய் சொன்னாலும் தெரிந்துவிடும். எத்தனை குளிர்காலம்! ஒருமுறையும் தவறவில்லை. "எப்படிடி கண்டுபிடிக்கிற?" என்று கேட்பேன். "உங்களுக்கு எதுக்கு அண்ணே? கறியை வெட்டுங்க" என்பாள்.

இப்படி இருக்கையில் நியூசிலாந்தில் ஒரு பள்ளிக்கூடம் அவளை ஆசிரியையாக அழைத்தது. வசந்தம் வந்தால் கப்பல். ஊருக்கு அதிர்ச்சி, எனக்கு அதைவிட அதிர்ச்சி, டெரிக்குக்கோ இடி! மாட்டின் மனத்தில் இருப்பதை மூக்கைத் தொட்டே சொல்லிவிடும் மனிதருக்குத் தன் மனத்தில் இருப்பதைச் சொல்ல வாய் வரவில்லை. ஓடினார் யாரிடம்? தலைவர் அவர்களே, கோபிக்கக் கூடாது. உங்களிடம்தான் ஓடினார்! நீங்களும் ஒரு காதல் வசனம் எழுதிக் கொடுத்தீர்கள். அவரும் மனப்பாடம் செய்தார். அடுத்த பந்தயம் முடிந்து டீ ஊற்றும்போது, அதோ அந்தப் பாத்திரத்தின் பக்கத்தில் நின்று முழங்கினார்.

"மார்ஜரி! மலை உச்சியில பனி உருகுற மாதிரி என் மனசு உருகுது. என் வாழ்க்கைங்கிற கப்பலுக்கு நீங்கதான் துறைமுகம். உங்க கண்ணு ரெண்டும் கலங்கரை விளக்கம்!"

மார்ஜரி டீயில் சர்க்கரை போட்டுக் கலக்கினாள். ஒரு வாய் குடித்தாள்.

"புளுகு" என்றாள்.

சிரிக்கிறீர்கள்! அன்றைக்கு யார் சிரித்தார்கள்? டெரிக் தொப்பியைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டார். அதன்பிறகு பந்தயத்துக்கே வரவில்லை. கப்பல் நாள் நெருங்கியது. என் தங்கைக்குச் சோறு இறங்கவில்லை என்பதை ஒரே வீட்டில் இருந்த நான் பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் டெரிக். முழங்கால்வரை சேறு, சட்டையெல்லாம் வைக்கோல், நேரே பசுவுக்குப் பிரசவம் பார்த்துக் கன்றை இழுத்துப் போட்ட கையோடு வந்திருக்கிறார். மார்ஜரி கல்லாவில் நிற்கிறாள்.

"மார்ஜரி... அது வந்து... கப்பல்ல இடம் இருக்குமா?"

"யாருக்கு?"

"எனக்கு. அதாவது... அங்கயும் மாடு இருக்கும்ல? நீங்க இல்லாம இங்க நான்... கன்னுக்குட்டி நல்லாத்தான் இருக்கு... ஐயோ, என்னமோ சொல்ல வந்தேன்..."

"பாவம், டாக்டருக்கு ஜுரம் போல" என்றார் வரிசையில் நின்ற ஆக்ராய்ட் அம்மா.

என் தங்கையின் கண் நிறைந்துவிட்டது. "உண்மை" என்றாள். "இடம் இருக்கு. நான் கேட்டு வெச்சுட்டேன்."

அன்று மாலைதான் ரகசியத்தைச் சொன்னாள். "அண்ணே, அவரு பொய் சொன்னா அருவி மாதிரிக் கொட்டும். உண்மையைச் சொன்னா திக்கும், திணறும், காது சிவக்கும். அன்னைக்கு டீ வேளையில ஒரு வார்த்தைகூடத் தடுக்கல. எனக்கு நெஞ்சே விட்டுப்போச்சு. அதுல பேசினது அவரு இல்லண்ணே, ஞாயித்துக்கிழமைப் பிரசங்கம்!"

பெரியோர்களே! பேச்சு அழகாக இருந்தால் போதுமா? அடுக்கடுக்காய் வந்தால் அன்பாகிவிடுமா? தடுக்கி விழுந்தாலும் தன் சொல்லாய் இருக்க வேண்டாமா? வார்த்தை கிடைக்காமல் தவித்த ஒரு மனிதனை நம்பி, உலகத்தின் மறுகோடிக்கு ஒருத்தி கிளம்புகிறாள் என்றால், இந்த ஊர் இதைவிடப் பெரிய வெற்றியை எந்தப் பந்தயத்தில் பார்த்திருக்கிறது?

வியாழக்கிழமை இவர்கள் கப்பல் ஏறுகிறார்கள். அலைகடல் தாலாட்ட, ஆழிக்காற்று பாராட்ட, அன்னப் பேடையாய் என் அருமைத் தங்கை...

இல்லை, மார்ஜரி, அப்படிப் பார்க்காதே. நிறுத்திவிட்டேன்.

டெரிக்... இவளுக்கு... காலையில குளிரும். கால்ல. கம்பளி உறை போட மறந்துடுவா. நான்தான் எடுத்து... அது இனிமே நீங்க... மார்ஜரி, நீ போயி... நல்லா... நான் கடையைப் பார்த்துக்குவேன். கடை இருக்குல்ல.

வந்ததுக்கு எல்லாருக்கும் நன்றி. வணக்கம். நான் உக்காந்துக்கறேன்.