எறிகிறவள் தரையைப் பார்க்க வேண்டும்

பனிமூட்டத்துக்காக நாங்கள் விளையாட்டை நிறுத்துவதில்லை சார். நிறுத்தினால் கொடைக்கானலில் பாதி வருஷம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் அன்றைக்குச் சாயங்காலம் நாங்கள் மைதானத்துக்குப் போனதில் புதிதாக ஒன்றும் இல்லை. சீசன் நேரம், மற்ற பிள்ளைகளுக்கு லாட்ஜில் சோலி. நானும் பூங்கொடியும் மட்டும்தான்.

நான் அட்டுவம்பட்டி. அவள் வில்பட்டிக்காரி. வெள்ளனே எழுந்து கேரட் கழுவி மூட்டை பிடித்துவிட்டு டவுனுக்கு வருவாள். ஃபிரிஸ்பீ என்று நீங்கள் சொல்கிறீர்களே, அந்தத் தட்டை எறிவது நான், ஓடிப்போய்ப் பிடிப்பது அவள். பல வருஷமாக இப்படித்தான். கைதட்டலெல்லாம் பிடிக்கிறவளுக்குத்தான் போகும். அதில் எனக்குக் குறை கிடையாது.

பயிற்சி பெரிய வித்தை இல்லை. அவள் நேராக ஓடி, சட்டென்று காலை ஊன்றித் திரும்புவாள். அவள் நிற்கிற இடத்துக்கு எறியக் கூடாது, போகப்போகிற காலி இடத்துக்கு எறிய வேண்டும். அதற்கு எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. ஓடுகிறவள் தட்டைத் தவிர எதையும் பார்க்கக் கூடாது, எறிகிறவள் தரையைப் பார்க்க வேண்டும். கல்லோ பள்ளமோ மாடோ, எது குறுக்கே இருந்தாலும் ‘நில்லு’ என்று கத்துவது எறிகிறவள் பொறுப்பு. சில பிள்ளைகள் பயந்துபோய் ஓரக்கண்ணால் கீழே பார்க்கும். பூங்கொடி பார்க்கவே மாட்டாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

பெங்களூர் அணி ஒன்று அவளைக் கூப்பிட்டது. தங்குமிடம், வேலை எல்லாம் அவர்களே தருவார்களாம். திங்கட்கிழமை வத்தலக்குண்டில் பஸ் ஏறுவதாக இருந்தாள். சந்தோஷப்பட்டேன் சார். நல்ல பை ஒன்று வாங்கிக் கொடுத்தேன், ஞாயிறு பூசையில் வேண்டிக்கொண்டேன். ஆனால் அவள் போய்விட்டால் நான் யாருக்கு எறிவது? மற்ற பிள்ளைகளுக்கு எறிந்து பார்த்தேன். தட்டு புல்லில் விழுகிற சத்தம் கேட்டதும் பாதியிலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். எனக்கென்று வீட்டில் யாரும் இல்லை, அவள் ஒருத்திதான். அழுது தீர்த்தேன். கால் கொஞ்சம் பிசகினால் போதும், அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. அதற்குமேல் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

போன மழையில் மைதானத்தின் கீழ்ப்பக்கம் மண் சரிந்து கம்பிவேலி விழுந்ததை ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க வந்தபோது நீங்களே பார்த்தீர்கள். அப்போதிலிருந்து எல்லைக்கு வைக்கும் ஆரஞ்சு கோன்களை நன்றாக உள்ளே தள்ளித்தான் வைப்போம். வைப்பது என் வேலை. அன்றைக்கு அவற்றைச் சரிவின் விளிம்பில் வைத்தேன்.

முதலில் கிட்டத்திலேயே எறிந்தேன். பிறகு நீளமாக ஒன்று வருகிறது என்றேன். அவள் பனிக்குள் உற்றுப் பார்த்தாள்.

“கோன் இன்னைக்குத் தள்ளி இருக்காப்ல தெரியுதேக்கா.”

“எடம் கெடக்குடி. நீ தட்டைப் பாரு.”

ஓடினாள். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக நான் எறிந்ததில்லை. அவள் எம்பிப் பிடித்ததையும் பார்த்தேன். அப்புறம் அவளைக் காணவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து குரல் வந்தது.

“அக்கா, காலு போச்சுக்கா. மண்ணு வழுக்குது, நீ எறங்கிராத. அங்கனயே இரு. யாரையாச்சும் வெரசா கூப்பிடு.”

அந்த நிலைமையிலும் என்னைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை. அப்படிப்பட்ட பிள்ளை சார் அவள்.

போனை எடுத்தேன். எலும்பு கூடிவிடுமே என்று அப்போதுதான் நினைப்பு வந்தது. கூடினால் மறுபடி கூப்பிடுவார்கள், அவளும் போய்விடுவாள். போனைப் பைக்குள் வைத்துவிட்டேன். ஆள் வருதாக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வர்றாங்க என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன். பதில் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. போகப்போகக் கேட்பது குறைந்தது. குளிர்கிறது என்றாள். அப்புறம் அம்மா என்றாள்.

அவள் இறங்காதே என்றாள், நான் இறங்கவில்லை. அங்கேயே இரு என்றாள், அவள் குரல் நிற்கும்வரை அங்கேயேதான் இருந்தேன். பெங்களூரில் யார் சார் அவளுக்காக அப்படி உட்கார்ந்திருப்பார்கள்?