நிருபனின் வலது முழங்கால்

எனக்குக் கூடைப்பந்து ஆட வராது. உயரம் ஐந்தடி மூன்று. அஜ்மானில் எங்கள் அணிக்கு என்னை மேலாளராக எடுத்ததே, விதிப்புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிறவன் என்பதால்தான். அப்படிப்பட்டவன் வீரருக்குப் போலிக் காயம் காட்டினான் என்று உங்கள் விசாரணைக் குழுவுக்கு யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஐயா. எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

லீக் விதிப்படி ஓர் அணியின் மாதச் சம்பளம் மொத்தமாக ஒரு லட்சம் திர்ஹாமைத் தாண்டக் கூடாது. நாங்கள் தொண்ணூற்றாறாயிரத்தில் நின்றோம். கூடைக்கடியில் நிறுத்த ஆறடி பத்து அங்குலத்தில் ஓர் ஆள் கிடைத்தார், பதினெட்டாயிரம் கேட்டார். சீசன் நடுவில் யாரையும் கழற்றிவிட முடியாது. ஆனால் ஒருவர் அடிபட்டு மீதி சீசன் முழுக்க ஆட முடியாமல் போனால், அவர் சம்பளம் வரம்பில் சேராது. நிருபனின் சம்பளம் பதினைந்தாயிரம்.

நிருபன் யாழ்ப்பாணத்துப் பையன். பந்தோடு ஓடினால், ஷூ தரையில் படுகிறதா என்று குனிந்து பார்க்கத் தோன்றும். ஜனவரியில் அவனுக்கு வலது முழங்கால் வீங்கியது. ஸ்கேனுக்கு நான்தான் கூட்டிப்போனேன். ரிப்போர்ட்டையும் என் கையில்தான் கொடுத்தார்கள். ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, ஆறு வாரம் ஓய்வெடுத்தால் ஆறிவிடும் என்று இருந்தது.

ஆறு வாரம் விதிக்குப் போதாது.

"அண்ணை, ஸ்கேனில என்னவாம்?"

"ஒண்ணுமில்லடா, சுளுக்கு. ஓடினா சரியாயிடும்."

"நல்ல காலம். நான் பயந்திட்டன். மனுசிக்கும் சொல்லேல்லை, அழத் தொடங்கீடுவா."

மனைவி மேனுஜா ஊரில் இருந்தாள். சொல்லாததும் நல்லதாகப் போயிற்று.

கோச் கலீல் ரஹ்மானுக்குத்தான் சந்தேகம். "புள்ள நொண்டுதே தம்பி, உக்கார வச்சிரலாமா?"

"டாக்டரே ஆடலாம்னுட்டாரு, பாய்."

வெள்ளிக்கிழமை ஆட்டத்தில், மூன்றாவது கால்பகுதியில், பந்துக்காகக் குதித்து இறங்கினான். கனத்த ஆள் உட்கார்ந்து பிளாஸ்டிக் நாற்காலி முறிவது போல ஒரு சத்தம். என் இருக்கை வரை கேட்டது. சம்பள விலக்குப் படிவத்தை அன்று காலையே நிரப்பியிருந்தேன். தேதி மட்டும் போடவில்லை. எதையும் முன்கூட்டித் தீர்மானிக்கக் கூடாது இல்லையா.

இனி நடக்கலாம், ஓட முடியாது என்று டாக்டர் சொன்னதை நான்தான் அவனிடம் பக்குவமாகச் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் இல்லையெண்டால் இஞ்ச எனக்கு ஆர் அண்ணை?" என்றான். மே மாதம் வரை அவன் சம்பளம் ஒரு ஃபில்ஸ் குறையாமல் போனது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உயரமானவர் வந்து சேர்ந்தார். மொத்தம் தொண்ணூற்றொன்பதாயிரம். வரம்புக்கு ஆயிரம் கீழே.

இதோ, அந்த ஜனவரி ரிப்போர்ட். என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருந்தது. நிருபன்கூட இதைப் பார்த்ததில்லை. போலி என்று எழுதியவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். காயம் அசல், ஐயா. உண்டாக்கியவனுக்குத் தெரியாதா?