முப்பத்தொன்றாம் எண்ணுக்கு வந்த ஐந்து மிரட்டல்கள்

அந்த ஆய்வுக்கூடத்தில் காபி இயந்திரத்தைக் கழுவி வைக்கிறவன் நான் ஒருவன்தான். பட்டம் இல்லாதவனும் நான் ஒருவன்தான். கணினிக்காரர்கள் இருவர், மனநலப் பேராசிரியை, சட்டத்துறைக்காரர் ஒருவர். இணையத்தில் வரும் மிரட்டலுக்கு மனிதர்கள் எப்படிப் பயப்படுகிறார்கள் என்று நால்வரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். மிரட்டலை எழுதுவது என் வேலை. படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அதுதான் மிச்சமிருந்தது.

நாற்பது பேர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு எப்போது வேண்டுமானாலும் பொய் மிரட்டல் மின்னஞ்சலில் வரும். எங்கள் ஒவ்வொரு அஞ்சலுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எண் இருக்கும். தாங்க முடியாமல் யாராவது போன் செய்தால், அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, நம்முடையதா இல்லையா என்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் போன் என் மேசையில் இருந்தது.

நான் எழுதியதைப் பேராசிரியை புதன்கிழமைக் கூட்டத்தில் வாசிப்பார். "தம்பி, இது மிரட்டலா, கரண்ட் பில் நோட்டீஸா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், எட்டு மாதம்.

அந்த நாற்பது பேரில் முப்பத்தொன்றாம் எண் ஒரு மருந்துக்கடைப் பெண். ஒரு திங்கள்கிழமை மதியம் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஒரு மெயில் வந்திருக்கு. உங்களோடதா? அவர்தான் அனுப்புறாரோன்னு பயமா இருக்கு. பையெல்லாம் கட்டிட்டேன், அக்கா வீட்டுக்குப் போயிடலாம்னு."

அவர் என்பது அவள் விட்டு விலகிய கணவன். அஞ்சலை எனக்கு அனுப்பச் சொன்னேன். 'சாவிக்கொத்தை மாற்றியிருக்கிறாய். பூட்டை மாற்றவில்லை.' அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. நான் எழுத முயன்றுகொண்டிருந்தது அதைத்தான். எண்ணைத் தேடினேன். இல்லை. நிதானமாக இன்னொரு முறையும் தேடினேன்.

"நம்மளோடதுதாம்மா," என்றேன். "பையைப் பிரிச்சு வை."

"அப்பாடா. பூட்டுக்காரரை வேற வரச் சொல்லிட்டேன்ணா."

"எதுக்கு வீண் செலவு? வேண்டாம்னு சொல்லிடு."

என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்த நீங்கள் அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். அன்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த அஞ்சலுக்கு ஓர் எண் கொடுத்து, நான் எழுதியவற்றோடு சேர்த்தேன். பேராசிரியை அதை இரண்டு முறை வாசித்தார். "இப்பதான்யா உனக்குக் கை வந்திருக்கு," என்றார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஆய்வுக் கட்டுரையில் என் பெயரையும் போட வேண்டும் என்றார் சட்டத்துறைக்காரர். அதுவரை அவர் என்னிடம் காபி மட்டும்தான் கேட்டிருந்தார்.

அடுத்தடுத்து இன்னும் மூன்று வந்தன. மூன்று முறையும் அவள் கேட்டாள். மூன்று முறையும் நம்முடையது என்றேன். பிறகு அவன் நிறுத்திவிட்டான். இரண்டு புதன்கிழமைகள் வெறுங்கையோடு போனேன். "என்னப்பா, சரக்கு தீர்ந்துடுச்சா?" என்றார் பேராசிரியை.

ஆய்வில் சேரும்போது அவள் நிரப்பிக் கொடுத்த படிவத்தை எடுத்துப் படித்தேன். தனியாக இருக்கும்போது விளக்கை அணைப்பதில்லை என்று எழுதியிருந்தாள். உட்கார்ந்து ஐந்தாவதை எழுதி அவளுக்கு அனுப்பினேன். 'விளக்கை எரியவிட்டுத் தூங்குகிறாய். அதனால் எனக்கு வழி தெரிகிறது.'

இந்த முறை போனில் அவள் சிரித்தாள்.

"அண்ணா, நீங்க ரொம்ப மோசம். இதுவும் உங்க வேலைதானே? இப்பல்லாம் எனக்குப் பயமே வர்றதில்ல."

"என் வேலைதாம்மா," என்றேன். அன்று நான் பொய் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அவன் பழைய சாவியால் பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனான். கொன்றவன் அவன். நான் அவளை நேரில் பார்த்ததுகூட இல்லை. அக்கா வீட்டுக்குப் போய்விடு என்று நான் சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்கள். சொல்லியிருந்தால் அவளை ஆய்விலிருந்து நீக்கியிருப்பார்கள், நான்கு அஞ்சல்களும் என் கையை விட்டுப் போயிருக்கும். வருத்தம் தெரிவித்தால் தண்டனை குறையும் என்று உங்கள் ஆள் ஒருவர் சொன்னார். எனக்கு அது தேவையில்லை.

ஒன்று மட்டும் திருத்த வேண்டும். உங்கள் கோப்பில் ஐந்து அஞ்சல்களையும் அவன் பெயரில் எழுதியிருக்கிறீர்கள். அவனும் ஐந்தும் தன்னுடையவை என்று ஒத்துக்கொண்டானாம். பொய். ஐந்தாவது என்னுடையது. வரிசையாக வைத்து வாசித்துப் பாருங்கள், அதுதான் இருப்பதிலேயே நன்றாக வந்திருக்கிறது.