இடது கை பிடித்தவன்

இரவு ஒன்றரை மணி இருக்கும். ஆள் நடமாட்டமே இல்லாத சாலை. இரண்டு பக்கமும் பொட்டல். விளக்குக் கம்பம் கிடையாது, வீடு கிடையாது. ஒரே ஒரு பழைய வேன் மட்டும் போய்க்கொண்டிருந்தது...

அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருங்கள். காற்றில் அடித்துக்கொள்கிறது. நடுவில் சத்தம் கேட்டால் அப்புறம் யார் மடியில் யார் இருப்பீர்கள் என்று தெரியாது.

இது என் நண்பர் ஒருவரின் பெரியப்பா மகனுக்கு நேர்ந்தது. பெயர் கேட்காதீர்கள். தலைநிமிர்ந்து வாழ்ந்த குடும்பம். அவரைப் பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய தம்பி, சின்னவன்.

வேனில் போனது ஒரு நாடகக் குழு. வசனம் இல்லாத நாடகம். முகமூடியை மாட்டிக்கொண்டு, உடம்பை வளைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அவர்களுக்கு ஊர் ஊராகப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு பொம்மை. இடுப்பளவு உயரம். வழுக்கைத் தலை. கையில் சின்னதாக ஒரு பெட்டி. 'மொட்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். கதையும் பெரிதாக ஒன்றுமில்லை. மொட்டை பஸ்ஸுக்காகக் காத்து நிற்பான். பஸ் வரும், நிற்காமல் போகும். முகமூடிக்காரர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போவார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஜனங்கள் முதலில் சிரிப்பார்கள். முடிகிறபோது கண்ணைத் துடைப்பார்கள்.

மொட்டையை இயக்க மூன்று பேர். ஒருவர் தலையும் வலது கையும் பிடிப்பார். ஒருவர் இடது கை. ஒருவர் கால்கள். மூவருக்கும் உச்சி முதல் பாதம் வரை கறுப்பு. முகத்துக்கு வலைத்துணி, கைக்கு உறை, காலுக்கு சாக்ஸ். தலை பிடித்தவர் குழுவின் தலைவர். பெரியவரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். இடது கை சின்னவன். கால்கள் பெரியவர்.

கால் பிடிக்கிறவர் நாடகம் முழுக்கக் குனிந்தே கிடப்பார். மேலே என்ன நடக்கிறதென்று தெரியாது. அவர் கண்ணில் படுவது மேடைப் பலகை, பொம்மையின் கால், பக்கத்தில் நிற்கும் இருவரின் பாதங்கள். அவ்வளவுதான்.

"எங்க அண்ணன் எல்லாரோட காலையும் பிடிச்சே பொழைக்கிறாரு" என்பான் சின்னவன். பெரியவர் முறைப்பார். வேனே சிரிக்கும்.

மூவருக்கும் ஒரே மூச்சு. அதுதான் அந்தக் குழுவின் சூட்சுமம். சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து சின்னவனுக்கு மூக்கெலும்பு வளைந்துவிட்டது. மூச்சை இழுத்தால் மெல்லிய விசில் வரும். ஸ்ஸீ... என்று. இருட்டில் அந்தச் சத்தம்தான் குறிப்பு. அதைக் கேட்டு மூவரும் இழுப்பார்கள், மொட்டைக்கு உயிர் வரும். மொட்டை மூச்சை அடக்கினால் மூவரும் அடக்கவேண்டும். பழகிப் பழகி, அது அவர்கள் நினைத்தாலும் மாற்ற முடியாத காரியமாகிவிட்டது.

மொட்டையைச் செதுக்கியவன் சின்னவன். ஆனால் யாராவது கேட்டால் தலைவர்தான் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். சின்னவன் பார்த்துக்கொண்டு நிற்பான். பெரியவரும் பார்த்துக்கொண்டு நிற்பார். மைத்துனர் ஆயிற்றே... வாயைத் திறக்க முடியுமா?

இன்னொன்று சொல்ல மறந்தேன். சின்னவனின் சாக்ஸில் கட்டைவிரல் பக்கம் கிழிந்திருந்தது. அம்மா சிவப்பு நூலால் தைத்துக் கொடுத்தாள். "கறுப்பு நூல் தீர்ந்துபோச்சுடா. மேடை இருட்டுல உன் காலை யாரு பார்க்கப்போறா?"

பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். தினமும்.

சரி, வேனுக்கு வருவோம். தலைவர் ஓட்டுகிறார். அவர் தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுக்க, சின்னவன் பக்கத்தில். ஆட்டம் முடிந்த அலுப்பு, சாக்ஸைக்கூடக் கழற்றவில்லை. செருப்பு இருக்கைக்கு அடியில். பின்னால் பெட்டிகளுக்கு நடுவே பெரியவரும் முகமூடிக்காரர்கள் இருவரும் சுருண்டு கிடக்கிறார்கள்.

பெரியவருக்கு அரைத்தூக்கம். முன்னால் ஏதோ குரல் உயர்ந்த மாதிரி இருந்தது. வண்டி நின்ற மாதிரியும் இருந்தது. ஈரச் சேற்று வாடை வந்தது. அப்புறம்... வேனின் பின்கதவில் ஒரு சத்தம். உள்ளங்கையால் அறைகிற சத்தம்.

தட் தட்... தட்.

தட் தட்... தட்.

"மச்சான்... என்ன சத்தம்?"

"பெட்டி ஆடுது மாப்பிள்ளை. தூங்குங்க."

வண்டி வேகம் பிடித்தது. சத்தம் நின்றது. பெரியவர் தூங்கிவிட்டார்.

விடிந்தது. வேன் ஒரு டீக்கடை வாசலில் நின்றது. முன் இருக்கையில் சின்னவன் இல்லை.

தலைவர் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டே சொன்னார். "போயிட்டான் மாப்பிள்ளை. நடுவழியில வேற குழுவோட வண்டி வந்து நின்னுது. முன்னாடியே பேசி வச்சிருக்கான். மொட்டை மாதிரியே இன்னொண்ணு செஞ்சு தரேன்னு வாக்குக் கொடுத்திருக்கானாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா?"

"உங்க முகத்துல முழிக்கத் தெம்பில்லையாம்..." தலைவரின் குரல் உடைந்தது. கண் கலங்கியது. முகமூடி இல்லாமலும் நடிக்கத் தெரிந்த மனிதர்.

பெரியவர் நம்பினார். கூடப்பிறந்தவன் முதுகில் குத்திவிட்டான் என்று நம்பினார். வீட்டுக்கு வந்தவர் சுவரிலிருந்த தம்பியின் படத்தைக் கழற்றி, அலமாரிக்குப் பின்னால் முகம் சுவரைப் பார்க்க வைத்தார். இனி இந்த வீட்டில் அவன் பேரை எடுக்கக்கூடாது என்றார்.

அம்மா சின்னவனின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "செருப்புக்கூடப் போடாம எந்தப் பிள்ளைடா வேற வேலைக்குப் போவான்?"

"உனக்கு ஒரே பிள்ளைன்னு நினைச்சுக்கோ."

அவள் செருப்பைத் துடைத்து வாசல் ஓரமாக வைத்தாள்.

ஒரு வருடம் போயிற்று. இடது கைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். கெட்டிக்காரி. மூச்சுக் குறிப்பைத் தலைவரே கொடுக்க ஆரம்பித்தார். மொட்டை நடந்தான், உட்கார்ந்தான். ஆனாலும் முன்பு அழுதவர்கள் இப்போது வெறுமனே கை தட்டினார்கள்.

மறுபடியும் அதே சாலை வழியாகப் போகவேண்டிய ஓர் ஊரில் ஆட்டம். அந்தப் பெண் வீட்டிலிருந்து பஸ்ஸில் நேராக வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். மணி ஆகிக்கொண்டே இருந்தது. ஆளைக் காணோம். தலைவர் பல்லைக் கடித்தார். "வந்துடுவா. விளக்கை அணைங்க."

விளக்கு அணைந்தது. பெரியவர் குனிந்து மொட்டையின் குதிகாலைப் பிடித்தார். பக்கத்தில் ஒரு ஜோடிப் பாதம் மெதுவாக வந்து நின்றது. அப்பாடா, வந்துவிட்டாள்...

ஈரச் சேற்று வாடை.

மேடையில் விளக்கு வந்தது. பெரியவர் பார்த்தார். கறுப்பு சாக்ஸ். சேறு காய்ந்து வெடித்திருந்தது. கட்டைவிரல் பக்கம்... சிவப்பு நூல்.

தலைவர் குறிப்புக் கொடுப்பதற்குள், மேலிருந்து அது வந்தது.

ஸ்ஸீ...

பெரியவரின் நெஞ்சு தானாக விரிந்தது. மொட்டை தலை தூக்கினான். அரங்கம் முழுக்க ஓர் 'ஆ'. ஒரு வருடமாக இல்லாத உயிர் அந்த மரக்கட்டைக்குத் திரும்பியிருந்தது.

பெரியவர் தலைவரின் பாதங்களைப் பார்த்தார். ஒரு பாதம் பின்னால் நகரப் பார்த்தது. முடியவில்லை.

பஸ் வரும் கட்டம் வந்தது. மொட்டை கை காட்டவேண்டும், பஸ் நிற்காமல் போகவேண்டும். மொட்டை கை காட்டவில்லை. பெட்டியைக் கீழே வைத்தான். இடது கை உயர்ந்தது. பெட்டியை அறைந்தது.

தட் தட்... தட்.

பெரியவரின் விரல்கள் விறைத்துப் போயின.

தட் தட்... தட்.

வேனுக்குள் கேட்ட அதே சத்தம். பெட்டி ஆடுது மாப்பிள்ளை, தூங்குங்க... ஒரு வருடம் நெஞ்சுக்குள் கட்டிவைத்திருந்த கோபமெல்லாம் அந்த நொடியில் ஆள் மாறி நின்றது. கதவைத் தட்டியவன் தம்பி. ஓடுகிற வண்டிக்குப் பின்னால், வெறும் சாக்ஸோடு, அண்ணன் உள்ளே இருக்கிறான் என்ற நம்பிக்கையில் தட்டியிருக்கிறான்.

அண்ணன் புரண்டு படுத்தான்.

சத்தம் நின்றது. இடது கை மெதுவாக மேலே போவதைப் பெரியவர் பலகையில் விழுந்த நிழலில் பார்த்தார். மொட்டையின் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடியது. அப்படியே வைத்துக்கொண்டது.

மொட்டைக்கு மூச்சு நின்றது. மூவருக்கும் நிற்கவேண்டும். நின்றது.

எவ்வளவு நேரமோ... பெரியவரின் காதுக்குள் ரத்தம் அடித்தது. பலகை மங்கியது. காலை விட்டுவிட நினைத்தார், விரல் பிரியவில்லை. தலைவரின் குதிகால் பலகையில் உதைத்துக்கொண்டது. ஒருமுறை. மறுமுறை.

அப்போது பெரியவரின் காதருகே, குனிந்து ரகசியம் சொல்வதுபோல...

ஸ்ஸீ...

அவருக்கு மட்டும். நெஞ்சு நிறையக் காற்று வந்தது.

தலைவருக்கு வரவில்லை. அவர் முழங்கால் மடிந்து, மொட்டையின் மேலேயே சரிந்தார். ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். இப்படி ஒரு முடிவைப் பார்த்ததே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். முகமூடிக்காரர்கள் ஓடிவந்து வலைத்துணியை விலக்கினார்கள். தலைவரின் முகம் நீலம் பாரித்திருந்தது. வாய் திறந்தபடி. கை இன்னும் மொட்டையின் கழுத்துக்குள்.

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். இடது பக்கம் யாருமில்லை.

அந்த நேரத்தில்தான் அரங்கத்தின் பின்வாசலிலிருந்து, தோளில் பையோடு, மூச்சிரைக்க அந்தப் பெண் ஓடிவந்தாள். "மன்னிச்சிருங்க சார்... அந்தப் பொட்டல் கிட்ட பஸ் நின்னுபோச்சு. கிளம்பவே இல்ல. ஆரம்பிச்சிட்டீங்களா?"

விடியும்போது பெரியவர் அந்தச் சாலையில் தனியாக நடந்தார். ஒரு சின்னப் பாலம். அடியில் சேறு. குனிந்து பார்ப்பதுதானே அவர் தொழில்... பார்த்தார். எலும்புகள் குப்புறக் கிடந்தன. முகம் சேற்றுக்குள். ஒரு காலில் சாக்ஸ் அப்படியே இருந்தது.

எதற்காக அந்தச் சண்டை, தள்ளிவிட்டாரா, இறங்கச் சொல்லிவிட்டு விட்டுப்போனாரா... சொல்ல ஆள் இல்லை. மொட்டையைச் செய்தது யார் என்ற பேச்சில் வந்தது என்பார்கள். எனக்குத் தெரியாததை நான் சொல்லமாட்டேன்.

அம்மா அந்த சாக்ஸை வாங்கி, தன் தையலை விரலால் தடவினாள். அலமாரியை இழுத்து, படத்தைத் தன் கையால் மறுபடி மாட்டினாள். அப்புறம் பெரியவரைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரே பிள்ளைன்னு சொன்னியே... சரியாத்தான் சொல்லியிருக்க. அவன் ஒருத்தன்தான்."

அதற்குப் பிறகு சாகிறவரை அவள் இவரோடு பேசவில்லை.

பெரியவர் இன்றும் இருக்கிறார். குழு கலைந்துவிட்டது. மொட்டை என்ன ஆனான் என்று கேட்டால் எழுந்து போய்விடுவார். அவர் மனைவிதான் என் நண்பரிடம் ஒரு நாள் சொன்னாளாம், குரலைத் தாழ்த்தி. சொந்த அண்ணனைப் பறிகொடுத்தவள். பொய் சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

தூக்கத்தில் பெரியவரின் மூச்சு நின்றுவிடுமாம். தினமும். நெஞ்சு அசையாது. இவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாளாம். தொடக்கூடப் பயம். அப்போது கட்டிலின் இடது பக்கத்திலிருந்து, யாருமில்லாத பக்கத்திலிருந்து, அந்த விசில் வருமாம். ஸ்ஸீ... உடனே இவர் நெஞ்சு விரியுமாம்.

முன்பெல்லாம் சட்டென்று வந்துவிடும் என்றாளாம்.

இப்போது... ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதிக்கிறதாம்.