அசல் பின்சக்கரம்

மனித இனம் தன்னை மனித இனம் என்று சொல்லிக்கொள்ளும் தகுதியை அசல் உதிரிபாகங்களால்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இது என்னுடைய வாக்கியம். எங்கள் தொன்மை ரயில் பாதுகாப்புப் பேரவையின் ஆண்டுக் கூட்டத்தில் சொன்னேன். ஐந்து பேரும் கைதட்டினார்கள். அதில் ஒருவர் ஃபேன் ரிப்பேருக்கு வந்தவர்.

இன்ஸ்பெக்டர் சார், "ஒரு பொம்மை ரயில் சக்கரத்துக்காகவா டாக்டர்?" என்று கேட்டீர்கள். நான் கோபப்படவில்லை. ஆனால் அந்தப் 'பொம்மை' என்ற சொல்லை இன்னொரு முறை சொல்லாமலிருந்தால் நல்லது. கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுவது என் வயதில் பல்லுக்கு நல்லதல்ல.

நான் பல் டாக்டர். பகல் முழுக்க ஊரார் வாயில் பொய்ப்பல் மாட்டுகிறேன். "ஊருக்கெல்லாம் டூப்ளிகேட்ட மாட்டிட்டு வந்து, வீட்டுக்குள்ள மட்டும் ஒரிஜினல் கேக்குதாக்கும்" என்று என் மனைவி சொல்லுவாள். அவளுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு, பொறுத்துக்கொண்டேன். வாய் வேறு, வண்டி வேறு. வாய் என்றைக்கோ கெட்டுப்போகப் பிறந்தது.

என்னிடம் இருப்பது சாவி கொடுத்தால் ஓடும் கறுப்பு எஞ்சின். என் அப்பா பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்டது. எல்லாம் அசல், வலது பக்கத்துப் பின்சக்கரம் ஒன்றைத் தவிர. அது நான் வாங்கும்போதே இல்லை. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய சக்கரம். 'ஒரு பாகம் போலியென்றாலும் அது வண்டியல்ல, தகரம்' என்பது பேரவையின் முதல் விதி. விதியை எழுதியவன் நான். ஆகவே பேரவைத் தலைவரின் வண்டி எந்தக் கண்காட்சியிலும் நிற்க முடியாமல் என் பீரோவுக்குள் மூன்று சக்கரத்தோடு சாய்ந்து கிடந்தது. கூட்டத்துக்குக் கூட்டம் செயலாளர், ஒரு மாஜி வங்கி மேலாளர், "தலைவர் வண்டி எப்போ சார் தரிசனம் குடுக்கும்?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பொருளாளரைப் பார்ப்பார். பொருளாளர் தரையைப் பார்ப்பார்.

தேடாத இடமில்லை. பழைய சாமான் கடைகளில் தவம் கிடந்தேன். முகம் தெரியாதவர்களோடு கடிதம் எழுதி உறவு கொண்டாடினேன். இதில் ஒரு சங்கடம் உண்டு. அந்தச் சக்கரங்களை வார்த்த உலோகத்துக்கு ஒரு சீக்கு. வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளுக்குள் விரிசல் விட்டுக்கொண்டே வரும். ஒரு நாள் தொட்டால் பிஸ்கட் மாதிரி உதிரும். கடல் தாண்டி ஒருவரிடமிருந்து வரவழைத்தேன். பொட்டலத்தைப் பிரித்தால் சக்கரம் இல்லை, சாம்பல் இருந்தது. அதை விரலில் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி, "பல்பொடியா?" என்றாள்.

அசல் சக்கரம் முழுசாக இருப்பது அபூர்வம். அதைவிட அபூர்வம் அது தகுதியுள்ள கையில் இருப்பது. இங்கேதான் என் சகலை வருகிறார்.

என் மனைவியின் அக்காள் கணவர். பெயிண்ட் கடை. பெரிய வயிறு, அதைவிடப் பெரிய சிரிப்பு. அவர் அப்பா வைத்துவிட்டுப் போனதாக அவரிடம் இருந்தது என் எஞ்சினின் உடன்பிறப்பு. அதே வருடம், அதே அச்சு. அதை அவர் என்ன செய்தார் தெரியுமா? சாப்பாட்டு மேஜையில் ஓடவிட்டார். சர்க்கரைக் கிண்ணம் அவரிடமிருந்து அவர் மகளிடம் ரயிலில் போகும். அவள் அதைக் காலி செய்து திருப்பி அனுப்புவாள். பாப்பா கேட்டாள் என்பதற்காகக் கடைசிப் பெட்டிக்குக் கத்தரிப்பூ நிறம் அடித்தார். கடையில் மிஞ்சிய கதவுப் பெயிண்ட். நான் அன்று சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். "டாக்டருக்கு வயிறு சரியில்ல போல" என்றார் எல்லாரிடமும்.

அந்த எஞ்சின் மேஜையிலிருந்து விழும். சுவரில் முட்டும். ஓடிக்கொண்டேயிருக்கும். நான் பஞ்சில் சுற்றிப் பீரோவில் வைத்திருப்பது ஊனம். அவர் உதைத்து விளையாடுவது ஆரோக்கியம். இதில் நியாயம் எங்கே என்று என்னை நானே பல இரவுகள் கேட்டிருக்கிறேன்.

போன வருட ஆண்டுக் கூட்டத்துக்கு அவரை வண்டியோடு வரச்சொன்னேன். பேரவையில் உண்மையைச் சோதிக்கும் முறை என் கண்டுபிடிப்பு. பாகத்தைக் கழற்றி, இதோ, இந்த முன்பல்லில் மெதுவாகத் தட்டுவேன். போலி என்றால் சத்தம் மண்டைக்குள் எரிச்சலாக இறங்கும். அசல் என்றால் ஒரு குளிர்ச்சி. என் பல் பொய் சொன்னதில்லை. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாகத் தட்டினேன். வலது பின்சக்கரத்தில் அந்தக் குளிர்ச்சி முதுகுத்தண்டு வரை இறங்கியது. "அசல். இதுவரை நான் கேட்டதிலேயே சுத்தமான அசல்" என்று அறிவித்தேன். செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சகலை மட்டும் என்னையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மரியாதை என்று நினைத்தேன்.

ஒரு வண்டியை எழுப்ப இன்னொரு வண்டியைப் பிரிப்பது எங்கள் வழக்கம். பிரிக்கப்படுவதைக் கொடைவண்டி என்போம். நல்ல பெயர். எந்தக் கொடைவண்டியும் தானாக முன்வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

மரியாதையாகத்தான் கேட்டேன். அந்த ஒரு சக்கரத்தைக் கொடுங்கள், பாப்பாவுக்குப் புதுசாக பேட்டரி ரயிலே வாங்கித் தருகிறேன் என்றேன். சகலையின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"அது வேணாம் டாக்டரே. உங்க வண்டிக்கு அது சரிப்படாது."

"ஏன் சரிப்படாது?"

"சரிப்படாதுன்னா விடுங்களேன். பாப்பா வெளாடுது."

இரண்டாவது முறையும் அதே பதில். மூன்றாவது முறை சிரித்தார். கதவுப் பெயிண்ட் விற்கிறவர், என் வண்டிக்கு எது சரிப்படும் என்று எனக்குச் சொல்லிச் சிரிக்கிறார். எனக்கு அப்போதும் கோபம் வரவில்லை. வீட்டுக்கு வந்து கை கழுவினேன். வெகுநேரம் கழுவினேன் என்று மனைவி சொல்கிறாள்.

பிறகு அவருக்குப் பல்வலி வந்தது. நானாக எதையும் தேடிப் போகவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கன்னம் வீங்க, அவராகவே என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"டாக்டரே, அந்தச் சக்கரத்தப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு மனசு கஷ்டப்படக் கூடாது."

"வாயத் தெறங்க."

"இல்ல, இன்னிக்கு சொல்லிடறேன். ரொம்ப நாளா உள்ளுக்குள்ள கெடந்து..."

பஞ்சை வைத்தேன். கன்னத்துக்கு ஒன்று, நாக்குக்கு அடியில் ஒன்று. பல் டாக்டர்கள் வாயை அடைத்துவிட்டுத்தான் கேள்வி கேட்பார்கள் என்று கேலி செய்வீர்களே, அன்று நான் கேள்விகூடக் கேட்கவில்லை. மறுபடியும் அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

எந்த மாத்திரை அவருக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியும். முன்பு ஒருமுறை அதனால் தொண்டை அடைத்து, பிழைத்ததே பெரிய பாடு. அதற்குப் பிறகு அவர் எந்த மருந்தையும் என்னைக் கேட்காமல் தொட்டதில்லை. அன்றைக்கும் கேட்டார். "இது ஒத்துக்குமா எனக்கு?"

"நான் குடுக்கறேன்ல" என்றேன்.

"அதானே" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் போட்டிருக்கிறார். மனைவியின் அக்காள் போன் செய்தாள். மூச்சு விட முடியவில்லை, முகமெல்லாம் வீங்குகிறது, என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று அலறினாள். "சாதாரண வலி மாத்திரைதான். படுக்க வைங்க, நான் வரேன்" என்றேன். காரை மெதுவாகத்தான் ஓட்டினேன். நான் எப்போதுமே மெதுவாக ஓட்டுகிறவன்.

நான் போனபோது அக்கம்பக்கத்தார் அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் கூடவே போனார்கள். வீட்டைப் பூட்ட ஒருவர் வேண்டுமே, நான் நின்றேன். எஞ்சின் மேஜை மேல் சர்க்கரைக் கிண்ணத்தோடு நின்றிருந்தது. கிண்ணத்தை எடுத்து மூடி வைத்தேன், எறும்பு வரக் கூடாது. சின்னத் திருப்புளி என் பையில் எப்போதும் இருக்கும். சக்கரம் தகராறு செய்யாமல் கழன்று வந்தது. நான் இதுவரை கழற்றியதிலேயே சுத்தமான வேலை.

இறுதிக் காரியங்களை நான்தான் முன்னின்று செய்தேன். எல்லாரும் பாராட்டினார்கள்.

அடுத்த கண்காட்சியில் தலைவர் வண்டி நாலு சக்கரத்தோடு கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. மறுபடி பல்லில் தட்டினேன். அதே குளிர்ச்சி. செயலாளர் கண்ணாடியில் மூக்கு பட நின்று, "இப்பதான் சார் நம்ம பேரவைக்கு ஒரு அர்த்தமே வந்திருக்கு" என்றார். பொருளாளர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாள் என் கிளினிக்கின் பின் அறையிலிருந்து லேப்காரம்மா வந்து நின்றாள். பல்லுக்கு மாட்டும் உறைகளும் பொய்ப்பற்களும் வார்த்துக் கொடுக்கிறவள். வெகுகாலமாக என்னிடம் வேலை. அவள் கையில் கத்தரிப்பூ நிறம் பட்ட அட்டைப்பெட்டி.

"டாக்டர், உங்க சகலை வீட்டம்மா குடுத்து விட்டாங்க. பாப்பா ரயில்ல ஒரு சக்கரத்தக் காணலியாம். அவர் போன அன்னியிலேருந்து இல்லியாம். போன தடவ செஞ்ச மாதிரியே ஒண்ணு வார்த்துத் தரச் சொன்னாங்க."

"போன தடவையா?"

"போன வருஷம் உங்க கூட்டத்துக்கு ரெண்டு நாள் முன்ன பழைய சக்கரம் உதிர்ந்துபோச்சுன்னு அவர் ஓடி வந்தாரு. டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டு வச்சிருக்காரு, சக்கரம் இல்லாமப் போனா அவருக்கு அவமானம்னாரு. பல்லுக்கு ஊத்தற உலோகத்துலயே ஒண்ணு ஊத்திக் குடுத்தேன். அவரே நேரம் பாத்து உங்ககிட்ட சொல்லிக்கறேன்னாரு. சொல்லலியா?"

சொல்ல வந்தார் என்று நான் சொல்லவில்லை.

அவள் என் மேஜையைப் பார்த்தாள். கண்காட்சியில் எடுத்த புகைப்படம் அங்கே சட்டத்துக்குள் இருந்தது. தன் கைவேலை அவளுக்குத் தெரியாமலிருக்குமா? சக்கரத்தைப் பார்த்தாள், பிறகு என்னை. பிறகு நீங்கள் வந்தீர்கள்.

ஆமாம், அந்த மாத்திரையைத் தெரிந்தேதான் கொடுத்தேன். அதை மறுக்கப்போவதில்லை. ஆனால் உங்கள் ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களே, உலோகத்தில் போலியைக் கண்டுபிடிக்கத் தெரியாதவன் என்று, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. அந்தச் சக்கரத்தில் எனக்குக் கிடைத்த குளிர்ச்சி உண்மை. இந்த முன்பல்லில்தான் கிடைத்தது.

இந்தப் பல்லும் லேப்காரம்மா வார்த்துக் கொடுத்ததுதான்.